பங்குனி ஆமையைத் தேடி...

குழந்தைகளே, இரவு பன்னிரண்டு மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்குவீர்கள். வேளச்சேரியில் நானும் அப்படித்தான். ஆனால், ஜனவரி பிறந்துவிட்டால் அந்த நேரத்தில் நீலாங்கரைக் கடற்கரையில் ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கும். பெசன்ட் நகர் வரை சுமார் 7 கி.மீ. தூரம், அத்தனையும் மணலில்! எதற்குத் தெரியுமா? ஆமை முட்டைகளைத் தேடி.

மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் இந்த ஆமைக்கு இன்னொரு பெயர் ஆலிவ் ரிட்லி. முட்டையிட மட்டும்தான் பெண் ஆமை கரைக்கு வரும். மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காது.

1970களில் கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும்தான் இந்த நடையை ஆரம்பித்தார்கள். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் நடக்கிறார்கள். சம்பளம் கிடையாது!

ஒருமுறை என் பேரனோடு நானும் போனேன். டார்ச் அடிக்கக் கூடாது என்றார்கள். வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடுமாம். அன்று ஆமையைப் பார்க்கவில்லை. மணலில் டயர் தடம் போல ஒன்று தெரிந்தது. "வண்டி போயிருக்கு தாத்தா" என்றான் பேரன். அதுதான் ஆமையின் தடம்! தடம் முடிந்த இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் பொலபொலவென்று இறங்கிய இடத்தில் தோண்டினார்கள். பிங்பாங் பந்து போல வெள்ளை முட்டைகள்!

அங்கேயே விட்டால் நாய்கள் தின்றுவிடும். அதனால் பையில் எடுத்துப்போய், வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். கரு முட்டை ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டபின் புரட்டினால் குஞ்சு செத்துவிடும். நான் வகுப்பில் 'ஆமை மெதுவாகப் போகும்' என்பதோடு பாடத்தை முடித்தவன்! மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். முன்பெல்லாம் கடல்தான் பளபளக்கும். இப்போது தெருவிளக்கு! பொரிப்பகக் குஞ்சுகளை அலையருகே விடுவதும் இதனால்தான்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்குச் செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரல்தான். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிவிடும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழகத்தில் சட்டம் இருக்கிறது. ஆமை தப்பிக்க வலையில் கதவு வைக்கும் கருவியும் இருக்கிறது. இரண்டும் இருந்தும் இப்படி!

மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகரில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். தொடாதீர்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சை முதல் அலை பின்னுக்குத் தள்ளும். அது திரும்பவும் நடக்கும்.