புது போன் வாங்கும் முன் நாடி பாருங்கள்!

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போயிருக்கிறீர்களா? ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஜவ்வாது மலையின் அடிவாரம். பலருக்கும் அமிர்தி என்றால் உயிரியல் பூங்காவும் மழைக்கால அருவியும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அது கடுக்காயும் நெல்லியும் சாமையும் மலைத்தேனும்! மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் போய், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பது என் வழக்கம்.

அப்படிப் போன ஒரு நாள், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். முழங்கால் வலி என்றார். நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். இடது கையில் ஒரு போன். அதைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட்.

''என்னம்மா இது, போனுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கீங்க?''

''மூடி நிக்க மாட்டேங்குது டாக்டரய்யா. உள்ள பேட்டரி உப்பிப் போச்சு.''

வாங்கிப் பார்த்தேன். எண்ணெயில் போட்ட பூரி மாதிரி பின்பக்கம் புடைத்துக் கொண்டிருந்தது.

''ராத்திரி இதை எங்க வெப்பீங்க?''

''தலைமாட்டுலதான். பையன் வேலூர்ல படிக்கிறான். எப்ப போன் பண்ணுவானோன்னு பக்கத்துலயே வெச்சிருப்பேன். சார்ஜும் அங்கயே போட்டுடுவேன்.''

எனக்கு முழங்கால் மறந்தே போய்விட்டது!

வாசகர்களே, இந்த மாதம் எழுத நினைத்திருந்தது வேறு. ஆனால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு போன் இருக்கலாம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. வயதாகி, சூடு பட்டு, உள்ளே இருக்கும் திரவம் சிதையும்போது வாயு உண்டாகிறது. வெளியேற வழியில்லாமல் பேட்டரி உப்புகிறது. அதை அழுத்தினாலோ, குத்தினாலோ, தொடர்ந்து சார்ஜ் போட்டாலோ தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. 'காற்றை எடுத்துவிட்டால் சரியாப் போகும்' என்று ஊசியால் குத்துகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தக் காரியம் மட்டும் வேண்டாம்! உடனே ஆஃப் செய்யுங்கள். சார்ஜ் போடாதீர்கள். துணி, படுக்கை, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சீக்கிரமே சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். குப்பையிலும் போடக்கூடாது, நெருப்பிலும் போடக்கூடாது.

அன்றைக்கு நாங்கள் செய்தது என்ன தெரியுமா? போனை ஆஃப் செய்து, ஒரு பழைய மண் சட்டியில் காய்ந்த மணலைக் கொட்டி, அதில் வைத்து, சட்டியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம். அதற்குப் பிறகுதான் முழங்காலுக்குத் தைலம் எழுதிக் கொடுத்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். ''பையன் புது போன் வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான் டாக்டரய்யா. 5ஜியாம். இருபத்தஞ்சாயிரமாம். மாசத் தவணையாம். புளி வித்த காசும் சாமை வித்த காசும் அதுக்கே போயிடும். மாத்தணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.''

மூலிகை வைத்தியனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் சித்த மருத்துவத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வேரிலும் தழையிலும் தீர்கிற நோய்க்கு பற்பம், செந்தூரம் வரை போகக் கூடாது என்பது நாங்கள் கல்லூரியில் படித்த முதல் பாடங்களில் ஒன்று. சின்ன மருந்தில் முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பெரிய மருந்து. அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. நோய் என்ன என்று தெரிய வேண்டும்!

உங்கள் போனுக்கு என்ன நோய்? 'ஸ்லோவா இருக்கு' என்பது பதில் இல்லை. அது 'உடம்பு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்' என்று சொல்வது மாதிரி. பாதி நாளுக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறதா? அது பேட்டரியின் வயது. சுமார் 500 தடவை முழுதாக ஏறி இறங்கினால் பேட்டரி தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சகஜம். புதிதாக வருகிற சில போன்களில் இது 800, 1000 வரை போகிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல், 800 தடவைக்குப் பிறகும் 80 சதவீத பலம் மிஞ்ச வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். பேட்டரி மட்டும் கெட்டால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பல்வலிக்குத் தலையையா எடுப்பார்கள்? இடம் போதவில்லையா? வாட்ஸ்அப்பில் சேர்ந்து கிடக்கும் காலை வணக்கம் வீடியோக்களை அழியுங்கள். பேதிக்குக் கொடுத்த மாதிரி போன் லேசாகிவிடும்!

ஆனால் அந்த அம்மாவின் போனுக்கு இந்த வேர், தழை வைத்தியம் பலிக்காது. ஏனென்றால் அது 3ஜி போன். ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜி மட்டும்தான். ஏர்டெல் தன் 3ஜி-யை 2020-லேயே மூடிவிட்டது. அதனால் புது பேட்டரி போட்டாலும் அந்த போனில் பேசலாமே தவிர, பையன் முகத்தைப் பார்க்க முடியாது, நெட் ஓடாது. மலைப்பக்கத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. 4ஜி எட்டாத கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். மூலம் டவர் போட 2022 ஜூலையில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பி.எஸ்.என்.எல். 4ஜி-க்குப் பயன்படும் அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் ஒன்று. அலைவரிசை எண் குறைவாக இருந்தால் மரம், மேடு பள்ளம் தாண்டி அதிக தூரம் போகும். ஆனால் உங்கள் போனில் அந்த அலைவரிசை (பேண்ட் 28 என்பார்கள்) இல்லாவிட்டால், டவர் எதிரிலேயே நின்றாலும் அந்த அலை உங்களுக்கு இல்லை. மலையில் இருப்பவர்கள் கேமராவில் எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பாம்பு கடித்த ராத்திரியில் 108-க்குப் போன் போகணுமா, வேண்டாமா?

5ஜி? 2022 அக்டோபர் 1-ம் தேதி நம் நாட்டில் தொடங்கியது. உங்கள் ஊரில் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காத ஊரில் 5ஜி போன் அலையைத் தேடித் தேடியே பேட்டரியைக் குடித்துவிடும். செட்டிங்ஸில் 4ஜி-க்கு மாற்றி வைத்துக் கொள்ளலாம். ஆனால் அதற்கா அவ்வளவு பணம்?

இனி, என் துறை பக்கம் வருகிறேன். புது போனால் உடம்புக்கு லாபமா, நஷ்டமா?

இங்கே நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ஆசிரியை தலைவலி என்று என்னிடம் வந்தார். கண்ணுக்குப் பின்னால் வலி, லேசான குமட்டல். பித்தம் என்று முடிவு கட்டி மருந்து கொடுத்தேன். இரண்டு வாரம். குறையவில்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான், 'எப்போதிலிருந்து?' என்று ஒழுங்காக விசாரித்தேன். புது போன் வாங்கின வாரத்திலிருந்து! ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, குழந்தை விழிக்கக் கூடாதே என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் படிப்பாராம்.

விஷயம் இதுதான். இப்போதைய பல போன்களில் ஓ.எல்.இ.டி. திரை இருக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியான, அழகான திரை. ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும்போது இவற்றில் பல, நிஜமாகவே மங்குவதில்லை. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை அணைந்து அணைந்து எரிகின்றன. நமக்குத் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குத் தலைவலி வரும், கண் எரியும். அந்த ஆசிரியையிடம், அறையில் சின்ன விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் படிக்கச் சொன்னேன். படுக்கைக்குப் போனபின் போன் வேண்டாம் என்றேன். பத்து நாளில் வலி நின்றது. என் மருந்தால் இல்லை என்பதை அவரிடமே சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒற்றைத் தலைவலி வருகிற சுபாவம் என்றால், கடையிலேயே வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, பத்து நிமிஷம் எதையாவது படித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

எடையையும் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் 130, 140 கிராமில் போன்கள் இருந்தன. இப்போது 200 கிராம் சர்வ சாதாரணம். கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் வலி இருப்பவர்கள் பெரிய போனை ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலாலேயே தட்டினால் வலி கூடத்தான் செய்யும். சட்டைப்பையில் போட்டு, கையில் பிடித்து, தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட அமுக்கிப் பார்க்கிறோமே!

கழுத்து வலிக்குப் புது போன் மருந்தில்லை. வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிற இளைஞர் ஒருவர் ஒவ்வொரு வருஷமும் அதே கழுத்தோடுதான் என்னிடம் வருகிறார். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு மீது ஏறக்குறைய 27 கிலோ பாரம் விழுவதாக நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்குப் போட்டார். அது மாதிரிக் கணக்குதான், அளந்து பார்த்ததில்லை. இருந்தாலும் போனைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினால் செலவில்லாமல் பாதி வலி போகும்.

கதிர்வீச்சு பயம்தான் பலருக்கு. ''பழைய போன் ரேடியேஷன் ஜாஸ்தியாமே டாக்டர்?'' 2012 செப்டம்பரிலிருந்தே இந்தியாவில் போனுக்கு உச்ச வரம்பு உண்டு. ஒரு கிலோ எடைக்கு 1.6 வாட். ஸ்டார், ஹாஷ், 07, ஹாஷ் என்று அழுத்தினால் பல போன்களில் அதன் அளவைக் காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011-ல் இந்த அலைகளை 'சந்தேகத்துக்கு இடமானவை' என்ற வகையில் சேர்த்தது உண்மை. அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் பல ஆய்வுகளையும் சேர்த்து அலசி 2024-ல் வெளியான அறிக்கை, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. ஆகவே, இந்த பயத்துக்காக மட்டும் போனை மாற்ற வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் போன் சக்தியைக் கூட்டித்தான் பேசும். அமிர்தி மாதிரி இடங்களில் ஸ்பீக்கரிலோ, ஒயர் மாட்டியோ பேசுவது உத்தமம்.

ஒயர் என்றதும் ஞாபகம் வருகிறது. புது போன்களில் அந்த ஒயர் மாட்டுகிற துளையையே பலர் எடுத்துவிட்டார்கள். அதோடு எஃப்.எம். ரேடியோவும் போயிற்று, ஏனென்றால் அந்த ஒயர்தான் ரேடியோவுக்கு ஏரியல். நெட் இல்லாத இடத்தில் மழை, புயல் செய்தி கேட்க ரேடியோதானே துணை? எஃப்.எம். வசதி இருக்க வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுரை சொல்ல வேண்டியதாயிற்று.

'அப்படியானால் பழசையே கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீர்களா?' என்று கேட்காதீர்கள். போன் நன்றாக ஓடினாலும், கம்பெனி பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால் அதில் வங்கிப் பணத்தைக் கையாள்வது ஆபத்து. பூட்டு துருப்பிடித்த பெட்டி மாதிரி. கூகுள் 2023-லும் சாம்சங் 2024-லும் தங்கள் விலை உயர்ந்த மாடல்களுக்கு 7 வருட அப்டேட் என்று அறிவித்தன. மலிவு மாடல்களுக்கு அது மாடலுக்கு மாடல் மாறும். எந்த வருஷம் வரை அப்டேட் வரும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். காது மந்தமான பெரியவருக்குப் பேச்சு கேட்காத போன், கண் மங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்க முடியாத போன், இவற்றையும் மாற்றத்தான் வேண்டும். அங்கே போன் செலவு என்பது மருந்துச் செலவு.

யாராவது பயன்படுத்திய போனை வாங்குவதாக இருந்தால் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போனின் விவரம் வரும். முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும்.

சரி, அந்த அம்மா கதை? அடுத்த ஞாயிறு பையனே என் கிளினிக்குக் கூட வந்துவிட்டான். முகத்தில் கடுகு வெடித்தது. ''அம்மாகிட்ட என்ன சார் சொன்னீங்க?'' உட்கார வைத்து, மணல் சட்டிக் கதையைச் சொன்னேன். தலைமாட்டில் சார்ஜ் போட்டு அம்மா தூங்கியது அவனுக்குத் தெரியாதாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு இருவரும் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம். அம்மாவுக்கு, பேண்ட் 28 உள்ள, எஃப்.எம். உள்ள, பெரிய எழுத்து வருகிற ஒரு 4ஜி போன். அவன் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை, தவணையும் இல்லை. அவன் போனுக்குப் புது பேட்டரி. உப்பிய போனை சர்வீஸ் கடையில் ஒப்படைத்துவிட்டு வந்தான்.

என் போனுக்கு ஐந்து வயது. பெங்களூரில் இருக்கும் மகள், ''புதுசு வாங்கித் தர்றேன்ப்பா'' என்று நச்சரிக்கிறாள். நானும் பேட்டரி மாற்றிக்கொண்டு வீராப்பாகத்தான் இருக்கிறேன். ஆனால் சிறுகுறிஞ்சான் இலையின் அடிப்பக்கத்துப் பூனைமுடி இந்தக் கேமராவில் தெளிவாக விழ மாட்டேன் என்கிறது. அந்தப் பூனைமுடியைப் பார்த்துதான் நான் இலையை உறுதி செய்வேன். தீபாவளித் தள்ளுபடி வரட்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.