ஷிஃப்ட்டு வீட்டுக்கு ஒரு பாம்பே டோஸ்ட்!

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வந்தால், கவரைப்பேட்டைக்கு முன்னால் புதுவாயல். பொழுது விடியும் முன்பே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்கள் பறக்க ஆரம்பித்துவிடும். காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் அப்பா, எட்டு மணிக்குக் கிளம்பும் பிள்ளைகள், நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் மூத்தவன்... இட்லி மாவு தீர்ந்துபோன நாளில் இல்லத்தரசிக்குக் கை கொடுப்பது பிரெட்டும் முட்டையும்தான்!

பிரெஞ்சு டோஸ்ட் என்றதும், ‘அதெல்லாம் ஸ்டார் ஓட்டல் சமாச்சாரமாச்சே’ என்று மிரளாதீர்கள். நாம் பாம்பே டோஸ்ட் என்கிறோமே, அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கு ‘வீணாய்ப்போன ரொட்டி’ என்று அர்த்தம்! அதில் விஷயம் இருக்கிறது. அன்றைக்கு வாங்கிய பிரெட் பாலில் தோய்த்ததும் பிய்ந்துவிடும். ஒரு நாள் பழசானால் கலவையை நன்றாக உறிஞ்சிக்கொண்டும் உடையாமல் நிற்கும்.

பழசு என்றால் பூஞ்சை பிடித்தது அல்ல. ‘ஓரத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டா சரியாப்போச்சு’ என்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. பிரெட் மிருதுவானது, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள் உள்ளே ஓடியிருக்கும். பாக்கெட்டோடு குப்பையில் போடுங்கள்.

நாலு பேருக்கு 8 துண்டு பிரெட், 4 முட்டை, ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய பால், 2 டீஸ்பூன் சர்க்கரை, ஏலக்காய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் அடித்துக் கலந்து, பிரெட்டை இரண்டு பக்கமும் சில விநாடிகள் தோய்த்து, தோசைக்கல்லில் கொஞ்சம் நெய் விட்டு மிதமான தீயில் பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் வேகவிடுங்கள். தீயைக் கூட்டினால் மேலே கருகி, நடுவில் முட்டை பச்சையாகவே நிற்கும். கரண்டியால் நடுவில் அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. ஆளுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில், அதிலிருந்தே சுமார் 6 கிராம் புரதம்!

ஷிஃப்ட்டு வீடுகளில்தான் ஒரு வம்பு. அஞ்சு மணிக்கே மொத்தமாக அடித்து, மேடையில் மூடி வைத்து, ஒவ்வொருவர் வரவரத் தோய்த்துப் போடுவார்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பாலும் சேர்ந்து, நம்ம ஊர் வெயிலும் கூடினால் அது மளமளவென்று பெருகும். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் என்று படுத்துவதோடு, சின்னக் குழந்தைகளையும் வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் அதிகமாகவே பதம் பார்க்கும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், அக்னி நட்சத்திரக் காலத்தில் ஒரு மணி நேரம். அதற்கு மேல் வெளியில் இருந்த கலவை வேண்டாம். அவரவர் வரும்போது முட்டையை உடைத்துக்கொள்வதே உத்தமம். பச்சை முட்டை தொட்ட கிண்ணத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? சர்க்கரைக்குப் பதில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, மிளகுத்தூள் போட்டுக் கார டோஸ்ட்டாகச் செய்யுங்கள். நிறத்தைப் பார்த்து பிரவுன் பிரெட் வாங்கி ஏமாறாதீர்கள். மைதாவுக்கே நிறம் ஏற்றியும் விற்கிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் முதலில் முழு கோதுமை மாவு என்று இருக்கிறதா என்று படியுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கடலை மாவைப் பாலில் கரைத்துத் தோய்க்கலாம். மேலே தேன் ஊற்றினால் பிள்ளைகள் குதிப்பார்கள். ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள்.