பழைய காருக்குப் பெரிய பல்பு போட்டால் போதுமா?



அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய மோரிஸ் மைனர் கார் இன்னும் சில வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான கார் அது. பகலில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. இரவில், அதுவும் விளக்குக் கம்பம் இல்லாத தோட்டத்துச் சாலையில் மழை பெய்தால், முன்னால் இருப்பது குழியா, தேங்கிய தண்ணீரா என்றே தெரியாது. "பெரிய பல்பு ஒன்றை மாட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்றுதான் உடனே தோன்றும்.

நானும் அப்படி நினைத்து 100/90 வாட் பல்புகளைப் போட்டவன்தான். இருபது நிமிடம்கூட ஓட்டியிருக்க மாட்டேன், டேஷ்போர்டிலிருந்து கருகல் வாடை வந்தது. சுவிட்சைத் தொட்டால் விரல் சுட்டது. நல்லவேளை, காரை ஓரங்கட்டி பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன்.

தவறு எங்கே? இயற்பியல் பாடத்தில் படிக்கும் சிறு கணக்குதான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். பழைய 36 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 72 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியர். 100 வாட் பல்பு இரண்டு என்றால் ஏறக்குறைய 17 ஆம்பியர். மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு! இந்த மின்னோட்டம் முழுவதும் அரை நூற்றாண்டுப் பழைய வயர் வழியாகவும் சிறிய சுவிட்சு வழியாகவும்தான் போக வேண்டும். இந்தக் கார்களில் பொருத்தப்பட்ட லூக்காஸ் சி40/1 டைனமோ அதிகபட்சம் தருவதே 22 ஆம்பியர்தான். வைப்பரும் பின்விளக்கும் அதில் பங்கு கேட்கும்.

வெளிச்சம் மங்குவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமில்லை. துருப்பிடித்த இணைப்பு, தேய்ந்த சுவிட்சு, மோசமான எர்த் ஆகியவை வழியிலேயே மின்னழுத்தத்தைத் தின்றுவிடுகின்றன. இழைப் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். ஆக, முதல் வேலை பல்பு வாங்குவதல்ல, அளந்து பார்ப்பது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் பல்பின் முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வயரிங்கில்தான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், ரிலே. உயர்ஒளிக்கு ஒன்று, தாழ்ஒளிக்கு ஒன்று. பழைய சுவிட்சு இனி ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யும். அதற்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த புதிய வயரில் நேராகப் போகும். எர்த்துக்கும் புதிய வயர் போடுங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, எச்4 ஹாலஜன். கண்ணாடியோடு ஒட்டிய பழைய சீல்டு பீம் விளக்கில் பல்பை மட்டும் மாற்ற முடியாது. எச்4 பல்பு பொருந்தும் 7 அங்குல விளக்கை முழுதாக வாங்கிப் போட வேண்டும். 60/55 வாட் போதும். தாழ்ஒளியில் இரண்டுக்கும் சுமார் 9 ஆம்பியர்தான் ஆகும். பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகம் சூடேறி, பல்பின் ஆயுள் குறையும்.

மூன்றாவது, திசை. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே தாழ்ஒளி இடது ஓரத்தை நோக்கிச் சற்று உயர வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், அது எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். தாழ்ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் நடுமட்டத்தைவிட 10 முதல் 13 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

"எல்இடி போட்டால் என்ன?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் துல்லியமான இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி வேறிடத்திலிருந்து வந்தால் சிதறும். நமக்குப் பளிச்சென்று தெரியும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்கோ சில விநாடிகள் ஒன்றுமே தெரியாது. மேலும், பல மோரிஸ் மைனர்களில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். சாதாரண எல்இடி பல்பு அதில் எரியவே எரியாது. எந்த மாற்றத்துக்கும் முன், சாலைப் போக்குவரத்துத் துறையின் விதியைக் கேட்டுக்கொள்வதும் நம் கடமை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். விளக்கக் கட்டுரை நடத்தும்போது இதுபோன்ற ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள். சிக்கல், காரணம், தீர்வு என்ற வரிசை தானாக அமையும். வோல்ட்டேஜுக்கு மின்னழுத்தம், கரண்டுக்கு மின்னோட்டம், ரெசிஸ்டன்ஸுக்கு மின்தடை என்ற சொற்களும் மனப்பாடம் இல்லாமலே பதியும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு: 60 வாட் உயர்ஒளி பல்புகள் இரண்டு, 12 வோல்ட் பேட்டரி. எத்தனை ஆம்பியர்? 8 ஆம்பியர் ஃபியூஸ் தாங்குமா? ஏன் என்பதை ஐந்து வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள்.

நாம் சாலையைப் பார்ப்பது மட்டும் நல்ல வெளிச்சம் ஆகாது. எதிரே வருபவரும் சாலையைப் பார்க்க வேண்டும். இருவரும் வீடு போய்ச் சேர வேண்டுமல்லவா?