விழுந்தவர் மீண்டும் சைக்கிளில் ஏறலாமா?



நம் கரையோர ஊர்களில் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்தால், எழும்பியதும் முதலில் சாறனைத் தட்டுவார். அடுத்து, யாராவது கண்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்ப்பார். மூன்றாவதாகச் சைக்கிளைப் பார்ப்பார். தன் உடம்பைப் பார்ப்பது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். இருபது வயதில் இது பரவாயில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, இந்த வெட்கம் ஒரு கையின் பலத்தையே கொண்டுபோய்விடும்.

2022 ஆம் ஆண்டு நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது நம்மில் எத்தனையோ பேர் அடுப்படிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பழைய சைக்கிள்களை வெளியே எடுத்தோம். பதினைந்து, இருபது வருடம் மிதிக்காத கால்கள் மீண்டும் மிதித்தன. தட்டுப்பாடு நீங்கிய பின்னும் சிலர் அதை விடவில்லை. பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் வயலுக்கும் யாருடைய தயவும் இல்லாமல் போய்வருவது சிறிய நிஃமத் அல்ல. ஆனால் நாற்பது, ஐம்பது வயதில் விழும் விழுகை பையன்களின் விழுகை போன்றதல்ல. விழுந்தவர் வீட்டில் கட்டுடன் இருக்கும்போதே மகள் சொல்வாள்: "வாப்பா, இனி இந்தச் சைக்கிளைத் தொடக்கூடாது." மருமகன் அதைப் பழைய இரும்புக்காரருக்கு விலை பேசியும் விடுவார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதர் ஜும்ஆவுக்குப் போகவும் இன்னொருவரின் மோட்டார் சைக்கிள் பின்சீட்டை எதிர்பார்த்து வாசலில் நிற்பவராகிவிடுகிறார். இப்படி நிற்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

முதலில் விழுந்த நேரத்தைக் கவனிப்போம். தலையில் அடிபட்டு, பிறகு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சுக் குழறுதல், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போன்று வடிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவராயின் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீதியில் உராய்ந்த காயத்தை மணல் போகக் கழுவி, டெட்டனஸ் எனப்படும் ஏற்பு நோய்க்கான ஊசி தேவையா என்று கேளுங்கள்.

சைக்கிளிலிருந்து விழுபவர் கையை ஊன்றுவார். அல்லது தோளோடு விழுவார். ஆகவே முறிவது பெரும்பாலும் மணிக்கட்டும் காறை எலும்பும்தான். மணிக்கட்டில் ஒரு விடயத்தை அவதானியுங்கள். பெருவிரலை நீட்டினால் அதன் அடியில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தை அழுத்தும்போது நோவு இருந்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அலட்சியம் செய்யக்கூடாது. அங்கேயுள்ள சிறிய எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதன் வெடிப்பு சில வேளை பத்து, பதினான்கு நாட்களின் பின்னரே படத்தில் தெரியும். "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் அது பொருந்தாமலே போய்விடலாம்.

முறிவு நெரிவு வைத்தியர்களைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பரம்பரையாக வந்த அந்தக் கைப்பழக்கத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் எக்ஸ்ரே எடுத்து, எது முறிந்தது, எலும்பு விலகியிருக்கிறதா என்று தெரிந்த பின்னர் எங்கு போவதென்று தீர்மானியுங்கள். எங்கு கட்டினாலும் விரல்கள் நீலமாகி, விறைத்து, நோவு கூடினால் விடியும்வரை பொறுக்க வேண்டாம். கட்டு இறுக்கமென்பதே அதன் பொருள். உடனே வைத்தியசாலைக்குப் போய்த் தளர்த்த வேண்டும்.

எலும்பு தன் வேலையைத் தன் கணக்குப்படியே செய்யும். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டும். இரண்டு மூன்று கிழமைகளில் மென்மையான ஓர் இணைப்பு உருவாகும். பிறகுதான் அது கெட்டியாகும். வளர்ந்தவர்களின் காறை எலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகள் செல்லும். நோவு அதற்கு முன்னரே குறைந்துவிடுவதுதான் இதிலுள்ள பொறி. நோவில்லை என்று நான்காம் கிழமையே ஹேண்டிலைப் பிடிப்பவரின் எலும்பு இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். புகைப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். சிகரெட்டை விடுவதற்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

மறுபுறம், அசையாமலே இருப்பதும் ஆபத்து. இதை எழுதுபவனும் ஒருமுறை காறை எலும்பு முறிந்து ஆறு கிழமை கழுத்தில் துணி கட்டிக் கை தொங்கவிட்டிருந்தவன்தான். முறிவைவிட, கட்டு அவிழ்த்த பின் தலைக்கு மேல் கை போகாததே என்னை அதிகம் வருத்தியது. தொப்பியை இடக் கையால் போடப் பழகிக்கொண்டேன். தோள் இப்படி இறுகுவது சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அதிகம். ஆகவே கட்டுடன் இருக்கும்போதே, வைத்தியர் தடுக்காத மூட்டுக்களை, அதாவது விரல்களையும் முழங்கையையும், நாளொன்றுக்குப் பல தடவை அசையுங்கள். கட்டு அவிழ்த்த பின் இயன்மருத்துவரிடம் அனுப்பினால் "கையைத்தானே ஆட்டச் சொல்கிறார்கள்" என்று போகாமல் விடாதீர்கள். அந்த ஆட்டம்தான் பாதி மருந்து.

தொழுகை பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, கட்டை அவிழ்ப்பது தீங்கு தருமாயின் சுகமான பாகங்களைக் கழுவி, கட்டின் மேல் தண்ணீரால் தடவி, மூடப்பட்ட பாகத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். பிளாஸ்டரில் தண்ணீர் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாலோ, பின்னர் மீட்டித் தொழ வேண்டுமா என்ற சந்தேகம் இருந்தாலோ, கட்டு எந்த உறுப்பில், எந்த நிலையில் போடப்பட்டது என்பதைச் சொல்லி உங்கள் இமாமிடம் நேரில் கேளுங்கள். ஸுஜூதிலிருந்து எழும்பும்போது முழுப் பாரமும் மணிக்கட்டில் விழுகிறது. அது இயலாதவர் இயன்றபடி தொழலாம். நபி (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து, வலப்பக்கம் அடிபட்டு, உட்கார்ந்து தொழுதார்கள் என்பதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. பார்க்க வந்த தோழர்களுக்கும் அவர்கள் உட்கார்ந்தபடியே இமாமாக நின்று தொழுவித்தார்கள். காயம் பட்டதை மறைக்கவுமில்லை; அதன்பின் வாகனத்தில் ஏறாமல் இருக்கவுமில்லை.

இக்காலத்து உதாரணம் வேண்டுமா? கொலம்பியா நாட்டின் ஏகன் பெர்னால், 2019 இல் பிரான்ஸின் மாபெரும் சைக்கிளோட்டத்தை வென்றவர். 2022 ஜனவரியில் தன் நாட்டு வீதியில் பயிற்சியில் வேகமாகச் செல்கையில், நின்ற பஸ் ஒன்றின் பின்புறத்தில் மோதினார். தொடையெலும்பு, முழங்காற் சில்லு, விலா எலும்புகள், முள்ளந்தண்டு எலும்பு எல்லாம் முறிந்தன. நுரையீரலும் காயப்பட்டது. அதே வருடம் ஆகஸ்டில் மீண்டும் போட்டியில் ஓடினார். ஆனால் பெரிய போட்டியொன்றின் ஒரு கட்டத்தை மீண்டும் வெல்ல அவருக்கு 2025 வரை சென்றது. பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனபூல் 2024 டிசம்பரில் தபால் வாகனமொன்றின் திறந்த கதவில் மோதி, தோளிலும் விலாவிலும் கையிலும் முறிவடைந்தார். அவர் போட்டிக்குத் திரும்பியது அடுத்த ஏப்ரலில். இருபதுகளில் உள்ளவர்கள், பக்கத்திலேயே வைத்தியர்கள், வேறு வேலை கிடையாது. அவர்களுக்கே மாதங்கள் தேவைப்படும்போது, மூன்றாம் கிழமையில் "இன்னும் சுகமாகவில்லையே" என்று சலிப்பது நமக்கு நியாயமா?

வைத்தியர் எலும்பு பொருந்திவிட்டது என்று சொன்ன பின் நேராக வீதிக்கு இறங்க வேண்டாம். முதலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். இரு கைகளாலும் பிரேக்கை முழுதாக அழுத்த முடிகிறதா, ஒரு கையை விட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்க முடிகிறதா என்று வளவுக்குள்ளேயே சோதியுங்கள். சீட்டைச் சற்றுத் தாழ்த்தி, இரு பாதங்களும் நிலத்தில் படும்படி வையுங்கள். பிறகு சுபஹுக்குப் பின் நன்றாக வெளிச்சம் வந்ததும் உள்வீதிகளில் பத்து நிமிடம். பின்னால் ஹோர்ன் கேட்டால் நெஞ்சு படபடக்கும். கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கும். இது கோழைத்தனமல்ல. உடம்பு விழுந்ததை மறக்கவில்லை, அவ்வளவுதான். மகனையோ மச்சானையோ முதல் சில நாட்கள் பக்கத்தில் ஓடிவரச் சொல்லுங்கள். காரியரில் அரிசி மூட்டையும் பேரப்பிள்ளையும் இன்னும் சில மாதங்கள் பொறுத்திருக்கட்டும்.

சைக்கிளும் விழுந்த சைக்கிள்தான். முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க் வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தச் சம்மதியாதீர்கள், மாற்றுங்கள். வளைத்து நிமிர்த்திய இரும்பு ஒருநாள் சொல்லாமல் முறியும். பிரேக் கட்டைகளையும் பின்புறச் சிவப்பு ஒளிதெறிப்பானையும் பாருங்கள். தலைக்கவசம் மோட்டார் சைக்கிள்காரருக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். சைக்கிளுக்கென்று பாரமில்லாத கவசம் உண்டு. தொப்பியை அதற்குள் போட்டுக்கொள்ளலாமே!

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாகச் செல்லும் பிரதான வீதியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவில் நடுவீதியில் படுத்திருக்கும் மாடுகள், அறுவடைக் காலத்தில் ஓரத்தில் காயும் நெல், கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் மணல், திடீரென நிற்கும் பஸ், பாராமல் திறக்கும் வேன் கதவு. நின்ற வாகனத்தைக் கடக்கையில் கதவின் அகலத்துக்கு இடம்விட்டுச் செல்லுங்கள். இடமில்லையென்றால் இறங்கி உருட்டுங்கள். நெல்லிலும் மணலிலும் முன் பிரேக்கைத் தொட வேண்டாம். கண் மங்கலானவர்கள் மஃரிபுக்குப் பின் சைக்கிளை வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்து போகலாம். காலையில் பள்ளிவாசலுக்கு அது மீண்டும் தேவைப்படும்.