அப்பாவுக்குத் தெரியாத வார்த்தை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு, தாராவியிலுள்ள எங்கள் ஒற்றை அறை வீட்டில் குடும்ப ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் நான் தமிழ் வேதாகமத்தை வாசிக்க, மனைவியும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தனர். 1 யோவான் 2-ஆம் அதிகாரம், இரண்டாம் வசனத்தைத் தாண்டும்போது மகள் இடைமறித்தாள்.

"அப்பா, கிருபாதாரபலி என்றால் என்ன?"

அவள் இந்தி வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நானோ திருநெல்வேலிச் சீமையில் ஓய்வுநாள் பள்ளியில் அமர்ந்த நாள்முதல் அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன். எத்தனையோ உபவாசக் கூட்டங்களில் அதைச் சொல்லி ஜெபித்திருக்கிறேன். அன்று விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாவத்திற்கான பலி, அவ்வளவுதான்" என்று கூறி அடுத்த வசனத்திற்குப் போய்விட்டேன். "அப்படியானால் பலி என்று மட்டும் எழுதியிருக்கலாமே?" என்றாள் அவள்.

என் வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் ஒன்பது கோடுகள் உண்டு. ஒன்பது முறை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வாசித்து முடித்ததற்கான அடையாளங்கள் அவை. வேதத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்றும் ஞாயிறன்று ஐந்தும் வாசித்தால் ஓராண்டில் முடியும். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வாசித்துவிட்டு, மாகிம் நிலையத்தில் ரயில் பிடித்து அந்தேரிக்கு வேலைக்குப் போவேன். அந்தக் கோடுகளைக் குறித்து எனக்குள் ஒரு மேட்டிமை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அடுத்த வாரம் மகளுடைய இந்தி வேதாகமத்தையும் என் வேதாகமத்தின் அருகே திறந்து வைத்தோம். 1 யோவான் 2:2-இல் அவளுடைய வேதாகமத்தில் 'பிராயச்சித்தம்' என்றிருந்தது. அவ்வார்த்தை வேறெங்கே வருகிறதென்று தேடியதில் அவள் யாத்திராகமம் 25:17-ஐக் கண்டுபிடித்தாள். அங்கே என் வேதாகமத்தில் 'கிருபாசனம்' என்றிருக்கிறது. அவளுடையதில் 'பிராயச்சித்தத்தின் மூடி'.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிருபாசனம் என்றதும் அத்தனை ஆண்டுகளும் என் மனதில் தோன்றியது ஒரு பொன் நாற்காலி! ஆசனம் என்றிருக்கிறதே. உண்மையில் அது உடன்படிக்கைப் பெட்டியை மூடும் பசும்பொன் மூடி. இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் கொண்டது. லேவியராகமம் 16-இன்படி, பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் இரத்தத்தைத் தெளித்தது அதன்மேலும் அதற்கு முன்பாகவுமே. எபிரெயர் 4:16-இலும் தமிழில் கிருபாசனம் என்றே வாசிக்கிறோம். ஆனால் அது மூடியன்று, கிருபையின் சிங்காசனம். இந்தியில் அவ்விடத்தில் சிங்காசனம் என்றே வேறு சொல் இருக்கிறது. நம் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறது.

இதனால் தமிழ் வேதாகமம் குறைவுள்ளது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கிருபாசனம், கிருபாதாரபலி என்று இரண்டிலும் 'கிருபை' முன்னே நிற்பதை மகளுக்குக் காட்டினேன். இரத்தம் தெளிக்கப்பட்ட இடத்தில் தேவன் சந்தித்தது கிருபையே என்பதைத் தமிழ் காட்டியது. அந்த இடம் எது என்பதை இந்தி காட்டியது. பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் சொற்களையே நம்மில் பெரும்பாலோர் இன்றும் வாசிக்கிறோம். அந்த முன்னோர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணித்தான் வைத்தார்கள். எண்ணாமல் வாசித்தவன் நான்தான்.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தை நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா காலமே தொடங்கி மத்தியானமட்டும் நியாயப்பிரமாணத்தை வாசித்தார், லேவியர் ஜனத்திற்கு அர்த்தம் விளக்கினார்கள், ஜனங்கள் அழுதார்கள். பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். 13-ஆம் வசனம் மறுநாளைப் பற்றியது. பிதாக்களின் வம்சத்தலைவர்கள், அதாவது குடும்பங்களின் மூத்தவர்கள், வார்த்தைகளை அறிந்துகொள்ளும்படி எஸ்றாவிடம் கூடிவந்தார்கள். முதல் நாள் பெருங்கூட்டத்தில் கேட்டது அவர்களுக்குப் போதவில்லை. கூடாரப்பண்டிகையைக் குறித்த கட்டளையை அவர்கள் கண்டது அந்த இரண்டாம் நாளில்தான்.

எங்கள் புதன்கிழமை இல்லக் கூடுகையில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். மூத்த சகோதரர் ஒருவருக்கு மனதில் ஒப்பவில்லை. "தம்பி, வேதத்தை ஆவியானவர் வெளிப்படுத்துவார். இரண்டு பாஷையை ஒப்பிட்டு ஆராய்வது படித்தவர்களுடைய வேலை" என்றார். அவருடைய பயம் நியாயமானதே. ஜெபமின்றி ஆராய்ந்து இருதயம் குளிர்ந்துபோனவர்களை அவர் கண்டிருக்கிறார். ஆனாலும் பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கியபோது, எருசலேமில் கூடியிருந்த பல தேசத்தார் தத்தம் பாஷையிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள் (அப். 2). மும்பையில் பிறந்த பிள்ளையின் பாஷையை மட்டும் ஆவியானவர் ஒதுக்கிவிடுவாரா? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள், வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது (அப். 17:11).

நம்மைப்போலப் பிழைப்புக்காக ஊர் மாறியவர்களுக்கு ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் மிகவும் நெருங்கியவர்கள். ரோமாபுரியிலிருந்து கிலவுதியு ராயனின் கட்டளையால் வெளியேறி, கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார்கள். பின்பு எபேசுவுக்கும் போனார்கள். அங்கே வேதாகமங்களில் வல்லவரும் சாதுரியவானுமான அப்பொல்லோ ஜெப ஆலயத்தில் பேசினார். அவர் அறிந்தது யோவானின் ஸ்நானத்தை மாத்திரமே. இத்தம்பதியர் சபை நடுவே எழுந்து அவரை மறுக்கவில்லை, தங்களிடம் அழைத்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்தார்கள் (அப். 18). நாளெல்லாம் ஊசியும் தோலுமாக உழைத்தவர்கள், பிரசங்கியாருக்கே கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அறிந்திருந்தார்கள்!

தனியே வாசிப்பதை நான் விட்டுவிடவில்லை. நாலரை மணி இன்னும் நாலரை மணிதான். தனித்து வாசிக்காதவன் கூடிவரும்போது கொண்டுவருவதற்கு ஒன்றுமிராது. ஆனால் தனியே மட்டும் வாசித்தபோது எனக்குப் பிடித்த வாக்குத்தத்த வசனங்களுக்கே மீண்டும் மீண்டும் திரும்பினேன். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வசன அட்டையைச் சுவரில் ஒட்டுவேன். அதற்கு முந்தின வசனம் என்னவென்று பார்த்ததில்லை. இப்போது வீட்டில் அட்டை வந்தவுடன் மகள் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்கிறாள். சில ஆண்டுகளில் அது சங்கடமாகவும் இருந்திருக்கிறது.

பத்தாவது கோடு இன்னும் விழவில்லை. கடந்த மாதம் மூவருமாக மறுபடி லேவியராகமம் 16-க்கு வந்தோம். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களில் ஒன்று கர்த்தருக்கு. மற்றொன்றுக்கு என் வேதாகமத்தில் 'போக்காடு' என்றிருக்கிறது, மகளுடையதில் 'அசாசேல்' என்றிருக்கிறது. "ஒன்று ஆட்டின் பெயர் மாதிரி இருக்கிறது, மற்றது யாருடைய பெயரோ மாதிரி இருக்கிறதே அப்பா?" என்றாள். தெரியவில்லை என்று இம்முறை உடனே ஒப்புக்கொண்டேன். புதன்கிழமை அந்த மூத்த சகோதரரிடம் கேட்டோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த இந்தி வேதாகமத்தை இங்கே கொடு அம்மா, ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும்" என்றார்.