பொலித்தீன் கூடாரத்துக்குச் சூடு: வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீடிக்கும். நல்லதண்ணியில் வியாபாரம் நடக்கும் காலம் அதுதான். வீட்டுப் பின்புறம் பொலித்தீன் கூடாரம் போட்டு, ஹோட்டல்களுக்குக் கறிமிளகாய், தக்காளி, சலாது கொடுப்பவர்களுக்கும் நல்ல காலம். ஆனால் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிரும் கடுமை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் உறைபனியே விழுகிறது. நாம் அதைவிடத் தாழ்வில் இருந்தாலும், 10 பாகைக்குக் கீழே கறிமிளகாயும் தக்காளியும் வளர்ச்சி குன்றிவிடும்.

"என்ன ஹீட்டர் வாங்கலாம்?" என்று கேட்போருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 அடிக்கு 20 அடி கூடாரத்தை வெளியை விட 5 பாகை சூடாக வைக்க ஏறக்குறைய 2 கிலோவாற் தேவை. இரவுக்கு 8 மணித்தியாலம் என்றால் 16 அலகு மின்சாரம். 30 இரவுக்கு 480 அலகு! வீட்டு மின் கட்டணம் அலகு கூடக் கூட ஏறுவது உங்களுக்குத் தெரியும்.

12.5 கிலோ கேஸ் சிலிண்டரில் சுமார் 160 அலகுக்குச் சமமான வெப்பம் உண்டு. அதாவது 10 இரவு. மண்ணெண்ணெய் ஒரு லீற்றரில் சுமார் 10 அலகு. 2022இல் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசைகளையும் மறக்க வேண்டாம். இவற்றைப் புகைபோக்கி இல்லாமல் எரித்தால் ஈரம் கூடி இலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். மூடிய கூடாரத்தில் கரியடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து; கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விறகு மலிவுதான். ஆனால் புகையை வெளியேற்றக் குழாய் வேண்டும். நள்ளிரவில் எழுந்து விறகு போட ஆளும் வேண்டும்.

ஆகவே முதலில் சூட்டை வாங்காமல், இருக்கும் சூட்டைக் காப்பாற்றுங்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் ஒற்றைப் பொலித்தீன் வழியே சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. உள்ளே சற்று இடைவெளி விட்டு இரண்டாவது பொலித்தீன் கட்டினால் இழப்பில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். வெயில் படும் இடத்தில் 200 லீற்றர் தண்ணீர்ப் பீப்பாய்கள் மூன்றைக் கறுப்புப் பூசி வையுங்கள். பகலில் சூடேறிய நீர் இரவில் 10 பாகை ஆறினால், மூன்றும் சேர்ந்து 7 அலகு வெப்பத்தைச் சும்மா தரும். மாலையில் வெயில் தாழுமுன் கதவை மூடுங்கள்.

ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, விடியற்காலைப் பாகையைத் தினமும் கொப்பியில் எழுதுங்கள். பத்துக்குக் கீழே போன இரவுகள் நாலைந்துதான் என்றால், அந்த இரவுகளுக்கு மட்டும் சிறிய மின் ஹீட்டர் போதும். மாதம் முழுவதும் அப்படியென்றால், அம்மாதங்களில் குளிரைத் தாங்கும் சலாதுக்கு மாறுவதே இலாபம். வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. பருவத்தின் இலாபம் மின்கட்டணப் பட்டியலோடு போவதும் விரயம்தானே.