எழுதும் மூலையில் ஈரம் ஏறாமல்

பிபிஆர் அடுக்குமாடி வீடு ஏறக்குறைய 700 சதுர அடிதான். எழுதுவதற்கென்று தனி அறைக்கு எங்கே போவது? ஜன்னலோரம் ஒரு மடக்கு மேசை போதும். வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் கை நிழல் தாளில் விழாது.

நம் நாட்டில் எழுதுபவருக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். சுவரோடு ஒட்டி அடுக்கிய தாளில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். தோட்டத்து லயத்தை விட்டு வரும்போது மூட்டை கட்டி வந்த கதைகளைப் பலர் இப்படித்தான் இழந்தார்கள். மேசையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டால் காற்றோட்டம் இருக்கும்.

ஞாயிறு பதிப்பில் வந்த கதையின் நறுக்குக்குக் கூடுதல் கவனம் தேவை. நாளிதழ்த் தாள் வெயில் பட்டால் மஞ்சளாகி நொறுங்கிவிடும். அதை நன்கு உலர்த்தி, பழைய பிஸ்கட் டின்னில், காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்கலாம். வைக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்து, ஓரத்தில் தேதியைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும்.